அமுக்கினேன், வரலை

"அண்ணே, நான் அமுக்கினேன். அது வரலை."

2022 கணபதி சமயம். கொரோனாவால் இரண்டு வருடம் அடக்கி வாசித்த மும்பை, அந்த வருடம் வட்டியும் முதலுமாகச் சேர்த்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது. எங்கள் சுனாபட்டி சொசைட்டியிலும் பத்து நாளும் ஏதாவது ஒரு போட்டி. ரங்கோலி, மியூசிக்கல் சேர், அந்தாக்ஷரி என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போது, பையன்கள் வந்து டெக்கென் 7 போட்டி வைக்கலாம் என்றார்கள். சாஃப்ட்வேர் ஆள் என்றால் மிக்ஸி ரிப்பேர்கூடத் தெரியும் என்று நம்பும் உலகம் இது. பொறுப்பு என் தலையில் விழுந்தது.

(சுனாபட்டி என்றதும் தேனிப் பக்கம் ஏதோ ஒரு பட்டி என்று நினைப்பவர்களுக்கு: சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் சூளை. ஹார்பர் லைனில் ஜிடிபி நகருக்கும் குர்லாவுக்கும் நடுவில் இருக்கிறது. சூளைகள் போய் ரொம்ப காலமாச்சு.)

பதினாறு பையன்கள். கடன் வாங்கிய இரண்டு பிளேஸ்டேஷன் 4. ஒன்றுக்கு சொசைட்டி ஹாலில் இருந்த பெரிய டிவி, இன்னொன்றுக்கு என் வீட்டு கம்ப்யூட்டர் மானிட்டர். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழரை மணி ஆரத்திக்கு முன்னால் ஹாலை காலி பண்ண வேண்டும். ஆரம்பித்த பத்தாவது நிமிடம் ஃபியூஸ் போச்சு. மண்டப சீரியல் லைட், ஆம்ப்ளிஃபயர், உள்ளே பிரசாதத்துக்கு வைத்த இண்டக்ஷன் அடுப்பு, எங்கள் இரண்டு பெட்டி எல்லாம் ஒரே லைனில். எலக்ட்ரீஷியன் வந்து சரி பண்ணுவதற்குள் நாற்பது நிமிடம் காலி. இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே என்று முதலில் சொல்லியிருந்தேன். நேரம் இல்லாததால், ஒரு தடவை தோற்றாலே அவுட் என்று மாற்றினேன்.

அப்படி முதல் ரவுண்டிலேயே வெளியே போனவன்தான் மேலே சொன்ன பையன். தாராவி 90 அடி ரோட்டிலிருந்து அவன் ஃபிரெண்டோடு வந்தவன், நம்ம திருநெல்வேலிக் குடும்பம். பெரிய டிவியில் ஆடினான். எதிராளி காலுக்குக் கீழே விட்ட உதையை ஒன்றைக்கூடத் தடுக்கவில்லை. தோற்றதும் வந்து சொன்னான். நான் சொன்ன பதில் இன்னமும் காதில் ஒலிக்கிறது: "தோத்தா தோத்தேன்னு சொல்லணும் தம்பி, மெஷின் மேல பழி போடக் கூடாது."

அவன் ஒன்றும் பேசாமல் போய்விட்டான். அவன் சொன்னது சரிதான் என்று தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், "அமுக்கினேன், வரலை" என்ற இந்தப் புகாருக்கு உள்ள வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். சண்டை கேம்களின் வரலாறே பாதி இதுதான்.

குத்தினால் உடையும் பெட்டி

காப்காம் நிறுவனத்தின் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 1987-ல் வந்தது. அதன் பெரிய மாடல் பெட்டியில், கை அடிக்கு ஒன்று, கால் அடிக்கு ஒன்று என்று ரப்பர் பட்டன் வைத்திருந்தார்கள். காற்றழுத்தத்தில் வேலை செய்யும் பட்டன். எவ்வளவு பலமாகக் குத்துகிறோமோ, அவ்வளவு பலமாக உள்ளே இருக்கிறவன் குத்துவான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆட வந்தவர்கள் கையும் வலித்தது, பட்டனும் தேய்ந்தது. கடைசியில் கைக்கு மூன்று, காலுக்கு மூன்று என்று ஆறு சாதாரண பட்டன்கள் வைத்த மாடலே நிலைத்தது. இன்று வரை ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு பட்டன்தான். உலகமே பின்பற்றும் அந்த அமைப்பு ஒரு ரிப்பேர் பிரச்சினையில் பிறந்தது.

1991-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோதுதான் இரண்டு மனிதர்கள் ஒருத்தருக்கொருத்தர் ஆடுவது உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. அதில் இருந்த 'காம்போ'கூடத் திட்டமிட்டு வைத்தது இல்லை. தயாரிப்பாளர் நொரிடாகா ஃபுனாமிசு, காரை உடைக்கிற போனஸ் கட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சரியான நேரத்தில் அமுக்கினால் ஒரு அடி முடிவதற்குள் அடுத்த அடி சேர்வதைக் கவனித்தார். யாருக்கும் அவ்வளவு துல்லியமாக வராது என்று விட்டுவிட்டார்கள். பையன்களுக்கு வந்துவிட்டது!

துல்லியம் என்றால் எவ்வளவு? கேம் வினாடிக்கு 60 படம் ஓட்டுகிறது. ஒரு படம் என்பது சுமார் 16.7 மில்லி செகண்ட். இந்தக் கணக்கில்தான் எல்லாம் நடக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு ரூபாய் காசு, காப்பி போர்டு

தொண்ணூறுகளில் நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கங்களில் இருந்த வீடியோ கேம்ஸ் கடைகளை நினைத்துப் பாருங்கள். பிளைவுட் பெட்டி, கலர் டிவியின் பிக்சர் ட்யூப், உள்ளே ஒரு போர்டு. ஒரு ரூபாய் போட்டால் ஒரு ஆட்டம். 'முஸ்தஃபா' என்றால் எல்லாருக்கும் தெரியும். 1993-ல் வந்த அந்த கேமின் உண்மைப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு மும்பை வந்த பிறகுதான் தெரியும்.

இந்தப் பெட்டிகளின் பின்னால் இருந்தது ஜாமா என்ற ஜப்பானிய இணைப்பு முறை, 1985-ல் வந்தது. 56 முனை கொண்ட ஒரே கனெக்டர். ஒரு போர்டைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகினால் புது கேம் தயார். சின்னக் கடைக்காரரால் தொழில் பண்ண முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் ஜாமா ஆளுக்கு மூன்று பட்டனுக்குத்தான் திட்டமிடப்பட்டது. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு ஆறு வேண்டும். கால் அடிகளுக்குத் தனியாக இன்னொரு ஒயர் கட்டு இழுக்க வேண்டும். கிக் பட்டன் அடிக்கடி மக்கர் பண்ணுகிற பெட்டியில் ஆடியிருந்தால், அந்தக் கூடுதல் ஒயர்தான் வில்லனாக இருந்திருக்கும்.

1993-ல் காப்காம் புது வகை போர்டு கொண்டு வந்தது. காப்பி அடிப்பதைத் தடுக்க, கேமைத் திறக்கும் சாவியை ஒரு பேட்டரியின் தயவில் இருக்கும் மெமரியில் வைத்தார்கள். பேட்டரி செத்தால் சாவி போய்விடும், போர்டு பிணம். ஆர்வலர்கள் இதற்கு 'தற்கொலை பேட்டரி' என்றே பெயர் வைத்தார்கள். நேர்மையாக ஒரிஜினல் வாங்கிய கடைக்காரரின் போர்டு ஒரு நாள் தானாகச் செத்தது. பின்னாளில் ஆர்வலர்கள் உட்கார்ந்து அந்தப் பூட்டை உடைத்ததால்தான் பல போர்டுகள் மறுபடி உயிர் பெற்றன.

எங்கள் திருநெல்வேலிக் கடையில் ஒரு பொங்கலுக்குப் போட்டி வைத்தார்கள். நுழைவு ஐந்து ரூபாய், பரிசு ஒரு வாரம் இலவச ஆட்டம். பெட்டியின் வலது பக்கம் நடு கிக் வேலை செய்யாது. கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அது தெரியும். கடைக்கார அண்ணாச்சி என்ன பண்ணினார் என்றால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காசு சுண்டி யார் எந்தப் பக்கம் என்று முடிவு பண்ணினார். முதல் ஆட்டம் முடிந்ததும் இடம் மாற வேண்டும். மூன்றாவது ஆட்டம் வந்தால் மறுபடி காசு. நான் வலது பக்கம் நின்று தோற்றேன். வருத்தம் இருந்தது, புகார் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த கோளாறு, எல்லாருக்கும் பங்கு போட்ட கோளாறு அது. இருபத்தைந்து வருடம் கழித்து எனக்கு அந்த அண்ணாச்சியின் புத்தி வரவில்லை என்பதுதான் இந்தப் பதிவே.

தலைகீழ் பிளேஸ்டேஷன்

1994-ல் நாம்கோ கொண்டுவந்த டெக்கென், பிளேஸ்டேஷனை அடிப்படையாகக் கொண்ட போர்டிலேயே ஓடியது. அதனால் கடைப் பெட்டிக்கும் வீட்டுப் பெட்டிக்கும் இடையில் இருந்த தூரம் குறைந்தது. கடைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். விலை உயர்ந்த போர்டு எதற்கு? ஒரு பிளேஸ்டேஷன், ஒரு டிவி, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. இங்கே லாமிங்டன் ரோடு, சென்னையில் ரிட்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார். சிப் வைத்த பெட்டியும் காப்பி சிடியும் தாராளமாகக் கிடைத்தன.

புதுப் பெட்டி, புது வியாதி. ஆரம்ப கால பிளேஸ்டேஷனில் சிடி படிக்கும் லேசர் போகப் போகத் தேய்ந்து இறங்கிவிடும். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் ஓடும்! இது உலகம் முழுக்கப் பையன்கள் கண்டுபிடித்த வைத்தியம். பெட்டி கவிழ்ந்து கிடந்தால் 'பழசு' என்று அர்த்தம்.

கண்ணுக்குத் தெரியாத வியாதி ஒன்றும் இருந்தது. நம்ம நாட்டு டிவி முறை பால், வினாடிக்கு 50. கேம்களோ ஜப்பானிய, அமெரிக்க முறைக்காக 60-ல் எழுதப்பட்டவை. சரியாக மாற்றாமல் பால் பதிப்பாக வந்த கேம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஒரு கடையில் 50, பக்கத்துக் கடையில் 60 என்றால், ஒரே கேம் இரண்டு வேகம். அந்தக் கடையில் ராஜாவாக இருந்தவன் இந்தக் கடையில் உதை வாங்குவான். காரணம் இருவருக்குமே தெரியாது.

கலிஃபோர்னியாவில் நாற்பது பேர்

1996-ல் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊரில், கோல்ஃப்லேண்ட் என்ற கேளிக்கைக் கூடத்தில் 'பேட்டில் பை தி பே' என்று ஒரு போட்டி நடந்தது. நாற்பது பேர் ஆடினார்கள். நடத்தியவர்களில் டாம் கேனன், டோனி கேனன் என்ற இரட்டையர் முக்கியமானவர்கள். கம்பெனி இல்லை, டிவி இல்லை. ஆடுகிறவர்களே நடத்தியது. அதுதான் 2002-ல் 'ஈவோ' என்று பெயர் மாறி, சண்டை கேம்களின் உலகக் கோப்பை போல ஆனது.

ஈவோவுக்கும் பெட்டிப் பிரச்சினை வந்தது. அமெரிக்காவில் ஆர்கேடுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான பேர் வந்தால் அத்தனை பெட்டியை எங்கிருந்து சுமப்பது? 2004-ல் எல்லா கேமையும் வீட்டு கன்சோலில் நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். பழைய ஆட்கள் கொதித்துப் போனார்கள். "இது எங்கள் விளையாட்டே இல்லை" என்கிற அளவுக்குச் சண்டை.

அதே 2004 ஆகஸ்டில்தான், அதே கன்சோலில்தான், ஜப்பானின் டைகோ உமெஹாரா அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கோடு மோதினார். டைகோவுக்கு உயிர் துளி மட்டும் பாக்கி. ஒரு அடியைத் தடுத்தால்கூட அந்தத் துளி போய்விடும். ஜஸ்டின் விட்ட பதினைந்து உதைகளையும், ஒவ்வொன்றுக்கும் சரியான நொடித்துளியில் ஜாய்ஸ்டிக்கைத் தட்டி, உயிரே குறையாமல் ஏற்று, திருப்பி அடித்து ஜெயித்தார். அந்த வீடியோவைப் பார்க்காத கேம் ரசிகர் இருக்க மாட்டார். (டைகோ அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தோற்றார் என்பது பலருக்குத் தெரியாது. ஜெயித்தவர் கென்ஜி ஒபாடா.) அந்தப் பதினைந்தில் ஒன்று, "அமுக்கினேன், வரலை" என்று ஆகியிருந்தால்?

தட்டை டிவி வந்தது, தாமதம் வந்தது

பழைய பிக்சர் ட்யூப் டிவி, சிக்னல் வர வர அப்படியே திரையில் வரைந்துவிடும். தட்டை டிவி அப்படி இல்லை. வந்த படத்தை வாங்கி, அளவு மாற்றி, நிறம் ஏற்றி, அசைவை வழவழப்பாக்கி, பிறகுதான் காட்டும். சினிமா பார்க்கிறவனுக்கு அது வரம். சண்டை கேம் ஆடுகிறவனுக்குத் திரையில் தெரிவது ஏற்கெனவே நடந்து முடிந்த கதை.

அதனால் போட்டி நடத்துகிறவர்கள் ட்யூப் டிவிகளை விடாமல் கட்டி அழுதார்கள். 2001-ல் வந்த நிண்டெண்டோவின் 'ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலி' ஆடுகிறவர்கள் இன்றைக்கும் கனமான ட்யூப் டிவிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போட்டிக்குப் போகிறார்கள். 2013-ல் ஈவோவில் கடைசி இடம் எந்த கேமுக்கு என்று மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நன்கொடைப் போட்டி வைத்தபோது, மெலி ரசிகர்கள் மட்டும் 94,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்து இடம் பிடித்தார்கள். அவ்வளவு பிடிவாதம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்த பிறகு தட்டைத் திரையைத் தவிர்க்க முடியவில்லை. தாமதம் குறைவு என்று சோதித்து, ஏசஸின் ஒரு குறிப்பிட்ட 23 அங்குல மானிட்டரையே ஊருக்கு ஊர் போட்டிகளில் வைத்தார்கள். எல்லாரும் ஒரே திரை. அதாவது எங்கள் அண்ணாச்சியின் அதே தத்துவம்.

ஒயர் இல்லாத கன்ட்ரோலர் வந்ததும் இன்னொரு கூத்து. ஆடி முடித்தவன் தன் கன்ட்ரோலரின் இணைப்பைத் துண்டிக்காமல் பையில் போட்டுக்கொண்டு போவான். பையில் எதிலோ பட்டன் அமுங்கும். மேடையில் வேறு இருவர் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டம் நின்றுவிடும். இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுந்திரு என்பது போட்டிகளில் எழுதப்பட்ட விதியாகவே ஆனது.

லாகூர்

நல்ல சாதனம் இருந்தால்தான் ஆட்டக்காரன் உருவாவான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: அர்சலான் ஆஷ். லாகூரின் சின்னச் சின்ன கேம் கடைகளில் வளர்ந்தவர். 2019 பிப்ரவரியில் ஜப்பானில் நடந்த ஈவோவுக்கு அலைக்கழிந்து, களைத்துப் போய் வந்து சேர்ந்து, டெக்கென் 7-ல் முதலிடம். அதே ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவில் தென்கொரியாவின் 'நீ' என்ற ஜாம்பவானைத் தோற்கடித்து மறுபடி முதலிடம். ஜெயித்ததும், எங்கள் ஊரில் என்னைப் போல இன்னும் நிறைய பேர் இருக்கிறார்கள் என்றார். யாரும் நம்பவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து நிரூபித்தார்கள்.

ஒரே கடை, ஒரே பெட்டி, தோற்றவன் எழுந்து ஜெயித்தவன் உட்கார்ந்திருக்கும் பழைய விதி. தோளோடு தோள் இடித்து ஆடியதுதான் அவர்களின் பயிற்சி. நம்ம ஊரில் அந்தக் கடைகள் மூடியதும், பையன்கள் மொபைலுக்குப் போனார்கள். மொபைலில் வேறு என்னவோ வரும். இந்த ஆட்டம் வராது.

இன்டர்நெட்டில் ஆடும்போது வரும் தாமதத்துக்கு மருந்து கண்டவரும் போட்டி நடத்தியவரே. ஈவோவின் டோனி கேனன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இன் ஆன்லைன் பதிப்பு வெறுத்துப்போய், 2006-ல் 'ஜிஜிபிஓ' என்ற முறையை எழுதினார். எதிராளி என்ன அமுக்குவான் என்று கணித்துக்கொண்டே போவது, தப்பானால் பின்னால் போய்த் திருத்துவது. 2019-ல் அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்.

நாற்பது பேரோடு ஆரம்பித்த ஈவோவை 2021-ல் சோனி இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து வாங்கியது. 2025-ல் சோனி தன் பங்கை விற்றது யாருக்குத் தெரியுமா? நோட்வின் என்ற இந்திய நிறுவனத்துக்கு. எனக்கு அதைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. உலகக் கோப்பையில் பங்கு வாங்கும் நாட்டில், என் சொசைட்டி ஹாலில் சரியான டிவி இல்லை.

மூன்று வாரம் கழித்து

மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி டிவியையும் என் மானிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு ஹெச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரே பிளேஸ்டேஷனை இரண்டிலும் ஓடவிட்டேன். மொபைலில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வைத்து, இரண்டு திரையையும் சேர்த்துப் படம் பிடித்தேன். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தி எண்ணினேன்.

மானிட்டரில் உதை ஆரம்பித்து 24 படம் கழித்துத்தான் டிவியில் ஆரம்பித்தது. 24-ஐ 240-ஆல் வகுத்தால் பத்தில் ஒரு வினாடி. கேம் கணக்கில் ஆறு ஃபிரேம். டிவியில் 'ஸ்போர்ட்ஸ்' மோடு போட்டிருந்தது. யாரோ கிரிக்கெட் பார்க்க வைத்தது. 'கேம்' மோடுக்கு மாற்றியதும் வித்தியாசம் ஒரு ஃபிரேமுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ரிமோட்டில் நாலு அமுக்கல்.

மனிதக் கண் பார்த்துக் கை அசையவே ஐந்தில் ஒரு வினாடிக்கு மேல் ஆகும். கீழே வரும் மெதுவான உதைக்கு அரை வினாடிதான் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு வினாடியை டிவி தின்றுவிட்டால்? அந்தப் பையன் அமுக்கியிருக்கிறான். வரவில்லை. அவனும் எதிராளியும் ஒரே டிவியில்தானே ஆடினார்கள் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எதிராளி மேலேயிருந்து கண்மூடித்தனமாக அடித்து ஆடுகிறவன், இவன் பார்த்துத் தடுத்து ஆடுகிறவன். தாமதம் பார்க்கிறவனைத்தான் தண்டிக்கும். மானிட்டரில் ஆடியவர்களுக்கு அந்தத் தண்டனையும் இல்லை. போதாததற்கு, இரண்டாவது வாய்ப்பை நானே பாதியில் எடுத்துவிட்டேன்.

அவன் ஃபிரெண்டிடம் சொல்லி வரவழைத்தேன். ஸ்லோ மோஷனைக் காட்டினேன். "நீ சொன்னது சரிதான் தம்பி. நான்தான் தப்பா பேசிட்டேன்" என்றேன். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். "நான் அன்னைக்கே சொன்னேன்ல அண்ணே" என்றான். அவ்வளவுதான்.

2023 கணபதிக்கு ஒழுங்காகத் திட்டம் போட்டோம். பதினாறு பேர், இரண்டு தோல்வி முறை என்றால் 30 ஆட்டம், இறுதி மறுபடி ஆட வேண்டி வந்தால் 31. ஒன்றுக்கு எட்டு நிமிடம் வைத்தால் நாலு மணி நேரம். இரண்டு பெட்டி என்றால் பாதி, கூடக் கொஞ்சம். ஹாலை மூன்று மணிக்கே வாங்கினோம். அடுப்பை வேறு லைனுக்கு மாற்றினோம். டிவியே வேண்டாம், இரண்டு மானிட்டர். கன்ட்ரோலர் எல்லாம் ஒயரில். ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் இருவரும் பட்டன் சோதிக்கலாம், குறை இருந்தால் அப்போதே சொல்லலாம், சொன்னால் சோதித்துப் பார்க்காமல் யாரும் கோபிக்கக் கூடாது என்று கடைசி விதி எனக்காகவே எழுதினேன்.

அந்த வருடம் செப்டம்பர் 28, இங்கே கணபதியைக் கரைக்கிற நாள். அன்றுதான் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு முதல் தடவையாகத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். வாங்கியவர் தென்கொரியாவின் கிம் குவான்-வூ, வயது 44. இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் இருவர் போயிருந்தார்கள். பையன்களிடம் 44 வயது என்று சொன்னபோது என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "அண்ணே, நீங்களும் அடுத்த வருஷம் பேர் குடுங்க" என்றான் நம்ம தாராவிக்காரன்.

எங்கள் போட்டியில் அவன் நாலாவது. இரண்டு தடவை தோற்றான். இரண்டு தடவையும் மானிட்டரைப் பார்த்தான், கையைப் பார்த்தான், எழுந்து கை கொடுத்துவிட்டு வந்தான்.